கூப்பிடாத கட்டில்கள்

ஆனந்தமேரிக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவள் கால்களைக் கேட்டால் அறுபது என்று சொல்லும். திண்டுக்கல்லில் தாடிக்கொம்பு ரோட்டில் இருதயநாதன் டாக்டர் ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்தினார். அங்கே அவள் பிரசவ வார்டு நர்ஸ். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "நின்னு பேச நேரம் கெடைச்சாத்தானேய்யா எவனாவது பொண்ணு கேப்பான்" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருப்பாள்.

நடக்காமல் தீராது. ஆஸ்பத்திரியைக் கட்டின கொத்தனார் அப்படிக் கட்டி வைத்திருந்தான். நர்ஸ் மேசை முன்வராந்தாவில், அதை ஒட்டி ஆண்கள் வார்டு. பிரசவ வார்டோ முற்றத்தைத் தாண்டி, கடைசியில், பின்சுவரை ஒட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி மில். மில் ஓடுகிற நேரத்தில் பிரசவ வார்டில் ஒருத்தி தொண்டை கிழியக் கத்தினாலும் மேசைக்குக் கேட்காது. அதனால் ஆனந்தமேரி போவாள், எட்டுக் கட்டிலையும் பார்ப்பாள், வருவாள், உட்காரப் போவாள், மனசு கேட்காது, மறுபடியும் போவாள். ராத்திரி வீட்டுக்குப் போய் வெந்நீரில் கால் வைத்தால்தான் தூக்கம் வரும்.

அம்பத்தெட்டிலோ ஒம்பதிலோ டாக்டர் மெட்ராசுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். போன இடத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். கல்யாணத்தில் என்ன சாப்பாடு என்று கேட்டதற்கு மனுஷனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ரயிலில் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது.

பெட்டிக்குள் இருந்தது மணிப் பலகை. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு ஒயர் தொங்கும், அதன் நுனியில் கத்திரிக்காய் அளவுக்கு ஒரு மரக்கட்டை, அதில் ஒரு வெள்ளைப் பொத்தான். நோயாளி அமுக்கினால் நர்ஸ் மேசைக்கு மேலே மணி அடிக்கும், பலகையில் அந்தக் கட்டிலின் நம்பருக்கு நேரே சின்ன பல்பு எரியும். நர்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்து பலகையில் இருக்கிற திருகைத் திருப்பி மணியையும் பல்பையும் அணைக்கவேண்டும். பேகம்பூரிலிருந்து சனாவுல்லா வந்து ஒயர் இழுத்தார். கிணத்து மோட்டார், கல்யாணப் பந்தல் லைட்டு என்று எல்லாம் பார்க்கிற கை. அவரும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்பதால் நிதானமாகவே செய்தார். மேசைக்கு மேலே ஏற்கனவே மாதா படம் ஒன்று இருந்தது. அதைக் கழற்றாமல் அதற்குக் கீழேயே பலகையைப் பொருத்தினார். மேல் வரிசை ஆண்கள் வார்டு, கீழ் வரிசை பிரசவ வார்டு.

டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திப் பேசினார். "இனிமே நர்ஸ் தேடிக்கிட்டுப் போகவேண்டாம். தேவை எங்க இருக்கோ, அதுவே நம்மளைத் தேடி வரும். ஆனந்தமேரி, ஒன் கால் இனிமே பொழைச்சுச்சும்மா."

ஆனந்தமேரிக்கு அந்தப் பலகையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. உள்ளதைச் சொல்லவேண்டும் அல்லவா, அவள் அந்த மணியை மனசார வரவேற்றாள்.

மணியோடு சேர்ந்து சட்டமும் வந்தது. பல்பு எரிகிற கட்டிலுக்குத்தான் போகவேண்டும், சும்மா சுற்றக்கூடாது. கரண்ட் போய்விட்டால் மட்டும் பழையபடி நடக்கலாம். மணி இருக்கும்போது துணைக்கு ஆள் எதற்கு என்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமியார், நாத்தனார், தூக்குவாளி எல்லாரையும் எல்லாவற்றையும் சாயங்காலம் வரை கேட்டுக்கு வெளியே அனுப்பிவிடவேண்டும். டாக்டர் நல்ல மனுஷன், ஏழைகளிடம் காசு கேட்க வெட்கப்படுகிறவர். சட்டம் போடுவதில் மட்டும் வெட்கமே கிடையாது.

ஆண்கள் வார்டு முதல் நாளே மணியைக் கற்றுக்கொண்டது. நத்தத்தில் புளியமரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு வந்த பொன்னழகு என்பவன்தான் அதில் தலைமகன். காபிக்கு அமுக்குவான். மணி என்ன ஆச்சு என்று கேட்க அமுக்குவான். அந்த வார்டு நர்ஸ் ரோஸ்மேரி சின்னப் பெண், வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான். ஓடிப்போய், "என்னய்யா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல தாயி, வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்பான். பக்கத்துக் கட்டில்காரனுக்குப் பொறுக்குமா? அவனும் பார்ப்பான். பலகையின் மேல் வரிசை சாயங்காலம் வரை மினுக்கிக்கொண்டே இருந்தது.

கீழ் வரிசை எரியவில்லை. ஒரு நாள் இல்லை, ஒரு வாரம் இல்லை, எரியவே இல்லை. பல்பு போய்விட்டதோ என்று சனாவுல்லாவைக் கூப்பிட்டு அமுக்கிப் பார்த்தார்கள், எட்டும் ஜம்மென்று எரிந்தன. அவர் கையைத் தட்டிவிட்டுப் போனார்.

ஆனந்தமேரிக்குப் பெருமை தாங்கவில்லை. காலையில் எல்லாரையும் பார்த்துச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, மத்தியானம் மேசையில் உட்கார்ந்து நூல் பின்னுவாள். "பாத்தியா ரோஸ்மேரி, நம்ம வார்டை நாம எப்படி வச்சிருக்கோம்னு. ஒரு குறை உண்டா? ஒரு சத்தம் உண்டா?" ரோஸ்மேரி பதில் சொல்ல நின்றால்தானே. ஆண்கள் வார்டில் மணி.

டாக்டரும் பலகையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "பிரசவ வார்டுல தேவையே இல்லைன்னு தெரியுதும்மா. அடுத்த மாசத்துலருந்து நீயும் ஆம்பளைங்க வார்டுக்கு ஒத்தாசைக்கு வந்துரு. ரோஸ்மேரி பாவம். பிரசவ வார்டுல எப்பயாவது மணி அடிச்சா யாராவது போயி எட்டிப் பாத்தாப் போதும்" என்றார். தன் வார்டை இம்புட்டு நன்றாக வைத்திருந்ததற்குக் கூலி, வார்டே இல்லாமல் போவது என்று அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் பலகை பொய் சொல்லுமா? தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

அந்த மாதம் முடிவதற்குள் ராமுத்தாய் வந்து சேர்ந்தாள். அகரத்துக்காரி, புருஷன் பொன்னுத்துரைக்குக் கொஞ்சம் கத்திரித் தோட்டம், கொஞ்சம் மல்லிகை. இரண்டாவது பிரசவம். விடியக்காலையில் பெண் குழந்தை பிறந்தது. ஒரு கஷ்டமும் இல்லை. மத்தியானம் துணைக்கு வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு ஆனந்தமேரி மேசைக்கு வந்து நூலை எடுத்தாள். கீழ் வரிசை வழக்கம்போல இருட்டு.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. மில் நின்றது, மின்விசிறி நின்றது. "சே, செத்த நேரம் உக்கார விடுறானா பாரு" என்று மின்சார இலாகாவை அப்பன் ஆத்தாளோடு சேர்த்துத் திட்டிக்கொண்டே எழுந்தாள். சட்டப்படி நடக்கவேண்டுமே. முற்றத்து வெயிலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள்.

ராமுத்தாய் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். முகம் வெளுத்து உதடு காய்ந்திருந்தது. நெற்றியில் கை வைத்தால் ஜில்லென்று வேர்வை. போர்வையைத் தூக்கினாள் ஆனந்தமேரி. படுக்கை முழுக்க ரத்தம். கட்டிலுக்குக் கீழேயும் சொட்டிக் குளமாகக் கிடந்தது.

"அடிப்பாவி மகளே!" என்று அலறிக்கொண்டே ராமுத்தாயின் அடிவயிற்றைப் பிடித்து அமுக்கித் தேய்க்க ஆரம்பித்தாள். தளர்ந்துபோயிருந்த கர்ப்பப்பை கைக்குள் இறுகுகிறவரை விடவில்லை. மில் நின்றிருந்ததால் அவள் கத்தினது மேசைக்குக் கேட்டது. ரோஸ்மேரி ஊசியோடு ஓடிவந்தாள், டாக்டர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்துத் தூக்கி, ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி, ரத்தம் நிற்க வெகுநேரம் ஆனது. ராமுத்தாய் கண்ணைத் திறந்து, "பிள்ளை பால் குடிச்சுச்சா?" என்று கேட்ட பிறகுதான் ஆனந்தமேரி தரையிலேயே உட்கார்ந்தாள். கரண்ட் போகாமல் இருந்திருந்தால்? அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை.

மறுநாள் ராமுத்தாய் தெளிந்து உட்கார்ந்ததும் ஆனந்தமேரி பிடித்துக்கொண்டாள். "ஏன்த்தா, பொத்தான் தலைமாட்டுலதானே தொங்குது? ஒரு அமுக்கு அமுக்குனா என்ன, கை தேஞ்சா போகும்?"

ராமுத்தாய் பொத்தானை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அதெப்படி நர்சம்மா? பிள்ளை பெத்த தீட்டோட அதைத் தொடலாமா?"

"என்னது?"

"எல்லாக் கட்டில்லருந்தும் ஒரே கம்பியாச் சேந்து போயி ஒங்க மேசைக்கு மேல மாதா படத்துக்கிட்டல்ல முடியுது. வாரப்பவே பாத்தேன். நான் இங்க தொட்டா தீட்டு அங்கயில்ல போயி நிக்கும்? உதிரம் போறது பொம்பளைக்கு உள்ளதுதான், அதுக்காகச் சாமியைப் போயித் தொடுறதா?"

ஆனந்தமேரி அடுத்த கட்டிலைப் பார்த்தாள். அதில் இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கடுத்தவளும் குனிந்துகொண்டாள். காட்டாஸ்பத்திரிப்பட்டியிலிருந்து வந்தவள், அவளும் ஆனந்தமேரியைப் போல வேதக்காரிதான், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள், "நாங்களும் அதான்க்கா நெனைச்சோம்" என்றாள். இந்தப் பெண்கள் பிரசவமானதும் பொதுப் பானையில் தண்ணீர் மொண்டு குடிக்கமாட்டார்கள், தனிச்செம்பு வைத்துக்கொள்வார்கள். அது ஆனந்தமேரிக்குத் தெரிந்த விஷயம்தான். கம்பியும் ஒரு பொதுப் பானை என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. அந்தப் பெருமையெல்லாம் நெஞ்சுக்குள் நெருஞ்சி முள்ளாகக் குத்தியது. ஒரு குறையும் இல்லாத வார்டு என்று நூல் பின்னிக்கொண்டிருந்தாளே.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார், வருத்தப்பட்டார். இரண்டு நாளில் ஒரு போர்டு வந்தது. 'மணியை அழுத்தலாம். தீட்டு இல்லை' என்று பெரிய எழுத்தில். படிக்கத் தெரியாத எட்டுப் பெண்களுக்கு நேர் எதிரே அதை மாட்டினார்கள். பாதிரியாரைக் கூட்டிவந்து மந்திரிக்கலாமா என்று கேட்டாள். மந்திரித்தால் கம்பிக்கு இன்னும் மரியாதை கூடி இன்னும் தொடாமல் போவார்கள் என்றார் டாக்டர். அது நியாயமாகத்தான் பட்டது.

"அப்ப என்னை அந்த வார்டுலயே விட்டுருங்க டாக்டர். நான் நடந்தே பாத்துக்கிறேன்."

"எப்படிம்மா? கூப்பிடுற எடத்துக்குத்தான் நான் ஆள் குடுக்க முடியும். அவங்க ஒரு தடவை கூப்பிடட்டும், நான் மாட்டேன்னு சொல்லலையே."

ஆனந்தமேரி மத்தியானம் நேராகப் பிரசவ வார்டுக்குப் போனாள். முதல் கட்டில்காரியை, "எப்படி இருக்க?" என்று கேட்டு, வயிற்றை அமுக்கிப் பார்த்து, துணியைப் பார்த்து, நாடி பிடித்துப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் தலைமாட்டில் தொங்கின பொத்தானை எடுத்துத் தானே அமுக்கினாள். அடுத்த கட்டில், அடுத்த அமுக்கு. மேசையில் கீழ் வரிசை ஒவ்வொன்றாக எரிய, ரோஸ்மேரி பதறிப்போய் முற்றம் தாண்டி ஓடிவந்தாள்.

"என்னக்கா, யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்லடி. கூப்பிட்டாத்தான் ஆள் குடுப்பாராம். நான் கூப்பிடுறேன், நானே வாரேன். நீ பேசாமப் போயித் திருகை அணைச்சு விடு."

பாவம், தேவையைத் தேடி அவளே நடந்துபோய், தேவை தன்னைத் தேடி வந்ததாகப் பலகைக்குத் தகவல் சொல்லவேண்டியதாயிற்று. முன்னால் நடை மட்டும் இருந்தது, இப்போது நடையோடு அமுக்கும் சேர்ந்துகொண்டது.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். போர்டைப் படித்துத்தான் இந்த மாற்றம் என்று நம்பினார். ஆனந்தமேரியை வார்டு மாற்றும் பேச்சை விட்டுவிட்டார். மதுரையிலிருந்து வந்த டாக்டர்களை மேசைக்கு முன்னால் நிறுத்தி, "பாருங்க, எங்க கிராமத்துப் பொம்பளைங்க எம்புட்டுச் சீக்கிரம் பழகிட்டாங்க" என்று கீழ் வரிசையைக் காட்டுவார். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். ரோஸ்மேரி திருகை அணைப்பாள். நாளாவட்டத்தில் அவள் பலகையைப் பார்க்கக்கூட மாட்டாள். கீழ் வரிசையில் மணி அடித்தால் கை தானாக மேலே போய் அணைத்துவிட்டு வரும்.

இப்படியே வருஷங்கள் ஓடின. வந்து போன பெண்களில் ஒருத்தியும் பொத்தானைத் தொடவில்லை. ஆனந்தமேரிக்குச் சர்க்கரை வியாதி வந்தது. இடது கால் வீங்கியது. செருப்பை ஒரு அளவு பெரிதாக வாங்கிக்கொண்டாள், நடையை விடவில்லை.

அறுபத்து நாலில், தை மாதம் என்று ஞாபகம், ராமுத்தாய் மூன்றாவது பிரசவத்துக்கு வந்தாள். பையன். "இந்தத் தடவை படுக்கையை நனைச்ச, தொலைச்சுப்புடுவேன்" என்று சொல்லிவிட்டு ஆனந்தமேரி அவளை மற்றவர்களைவிட ஒரு தடவை கூடுதலாகவே பார்த்துவந்தாள். மறுநாள் மத்தியானம் ஏதோ அவசரக் கேஸ், ஆனந்தமேரி சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டதோடு சரி, சாப்பிடவில்லை. அப்படியே சுற்றுக்குக் கிளம்பிவிட்டாள். வெளியே மில் ஓடிக்கொண்டிருந்தது.

ராமுத்தாயின் கட்டிலுக்கு வந்து, "ஏ புள்ள..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. கண் இருட்டியது. விழும்போது நெற்றி கட்டிலின் இரும்புக் காலில் மோதியது. அப்படியே கிடந்தாள், நெற்றியிலிருந்து ரத்தம் ஓடியது.

பெண்கள் கத்தினார்கள். மில் ஓடுகிறது, யாருக்குக் கேட்கும்? துணைக்கு வந்தவர்களெல்லாம் கேட்டுக்கு வெளியே. ஒருத்தி எழுந்து நடக்கப் பார்த்தாள், தையல் இழுத்து, தலை சுற்றி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இன்னும் பெறாதவளுக்கு இடுப்பு வலி, எழுந்திருக்க முடியவில்லை. ராமுத்தாய் தலைமாட்டைப் பார்த்தாள். ஒயர் தொங்கியது.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "மாதாவே, மன்னிச்சுக்க" என்று சொல்லி அமுக்கினாள்.

மேசையில் மணி அடித்தது. ரோஸ்மேரி ஆண்கள் வார்டு மருந்துத் தட்டைச் சரிபண்ணிக்கொண்டிருந்தாள். கை மேலே போனது, அணைத்தது. இது அக்காவின் சுற்றுதானே. மறுபடியும் அடித்தது, மறுபடியும் அணைத்தாள்.

ராமுத்தாய் மறுபடியும் அமுக்கிய விரலை எடுக்காமல் கதவைப் பார்த்தாள். ஒருத்தரும் வரவில்லை. "ஏய், என்னடி பாத்துக்கிட்டு இருக்கீக! எல்லாரும் அமுக்குங்கடி! என் ஒருத்தியோட தீட்டு பத்தலை போல, எல்லாரும் தொடுங்கடி!" என்று கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு அமுக்கினாள். அதற்கடுத்தவள் அமுக்கினாள். நேற்றுப் பிள்ளை பெற்றவள், இன்று காலையில் பெற்றவள், இன்னும் பெறாதவள் எல்லாரும் பொத்தானைப் பிடித்துக்கொண்டார்கள்.

கீழ் வரிசை எட்டும் ஒரே நேரத்தில் எரிந்தன. ரோஸ்மேரி நிமிர்ந்தாள். அக்காவுக்கு இரண்டு கைதான். மருந்துத் தட்டு கீழே விழ, பெண் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு முற்றத்திலேயே கிடந்தது.

சாப்பிடாததால் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று ரோஸ்மேரி சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தடவினாள், டாக்டர் வந்து ஊசி போட்டார், நெற்றிக்குத் தையல் போட்டார். ஆனந்தமேரி கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பாத்தியாம்மா, எட்டும் வேலை செய்யுது." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். ரோஸ்மேரி மட்டும் விடாமல் அழுதுகொண்டே இருந்தாள். "ரெண்டு தடவை அணைச்சுட்டேன்க்கா, ரெண்டு தடவை அணைச்சுட்டேன்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

"நான் பழக்கி விட்டதுதானடி. போயி மூஞ்சியைக் கழுவு" என்றாள் ஆனந்தமேரி.

அன்றைக்கு அவளை எங்கேயும் நகர்த்தவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஒரு கர்ப்பிணியை வேறு அறைக்கு மாற்றி, ராமுத்தாய்க்குப் பக்கத்துக் கட்டிலிலேயே படுக்கவைத்தார்கள். சாயங்காலம் மில் நின்றது. இத்தனை வருஷத்தில் அந்த வார்டில் அவள் படுத்தது அதுதான் முதல் தடவை. தலைமாட்டில் பொத்தான் ஆடிக்கொண்டிருந்தது.

"யாருத்தா மொதல்ல அமுக்குனது?" என்றாள்.

ராமுத்தாய் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "நான்தான். தீட்டுப் பட்டுப்போச்சு. வீட்டுக்குப் போறப்ப ஒங்க மேசைக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சு விட்டுட்டுப் போறேன், கோவிச்சுக்கிறாதீக."

"அன்னைக்கு நீ சாகக் கிடந்தப்ப அமுக்கலை. எனக்குன்னதும் அமுக்கிட்டியே?"

"எனக்குன்னா நான் எதுக்கு அமுக்கணும்? நீங்கதான் வந்துருவீகளே" என்றாள் ராமுத்தாய். "நீங்க விழுந்தா யாரு வாரது?"

ஆனந்தமேரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நர்ஸ் அழுவதை வார்டு பார்க்கக்கூடாது. ஆனால் தோள் குலுங்கினதை ராமுத்தாய் பார்த்துவிட்டாள்.

"என்ன நர்சம்மா, வலிக்குதா? மணியை அமுக்கவா?"

"வேணாம்த்தா" என்றாள் ஆனந்தமேரி. "ரோஸ்மேரி இப்பத்தான் செத்த நேரம் உக்காந்திருப்பா."